நெவெங்காவின் மூன்றாவது ஓட்டு

ஒருவன் பொய் சொல்கிறான் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், யாரும் மிரட்டாமல், யாரும் கையில் எதையும் திணிக்காமல், ஒருத்தி அவனுக்கே திரும்பத் திரும்ப ஓட்டுப் போடுகிறாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது?

மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம் ஒன்றில் குழந்தைகள் காப்பகத்துச் சமையற்காரியான நெவெங்காவைப் பார்த்துப் பலர் இதைக் கேட்டார்கள். கேட்டவர்கள் பதிலையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அறியாமை என்றனர் சிலர். ஆனால் ஜனாதிபதி ஒரே பாலத்தை இரண்டு முறை திறந்து வைத்த கதையை ஊருக்கு முதலில் சொன்னவளே அவள்தான். அவர் தம்பிக்கு மின்வாரியத்தில் எந்த நாற்காலி கிடைத்தது, அந்த நாற்காலிக்கு முன்னால் இருந்தவர் எங்கே போனார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆசை என்றனர் வேறு சிலர். சாண்ட்விச் கொடுத்துக் கட்சிக் கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்தில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. பயம் என்றவர்கள் அவளை நேரில் பார்த்திருக்க முடியாது.

அவளைப் பற்றி ஊர் சொல்லும் ஒரு கதை உண்டு. கணவன் விதோயே இறந்த ஆண்டு, டிசம்பரில் புனித நிக்கோலாவின் நாள் நெருங்கியது. அவர்கள் குடும்பத்துக்கு அவர்தான் காவல் புனிதர். அந்த நாளில் மேசை நடுவே மெழுகுவர்த்தி ஏற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவதுதான் ஸ்லாவா. அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. நெவெங்காவுக்கு ஒரே பெண், காலினா. விதோயேவின் அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"ஆம்பளப் பிள்ளை இல்லாத வீட்ல ஸ்லாவா அணைஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம். பொண்ணு ஸ்லாவாவுக்குச் சொந்தக்காரி இல்ல, விருந்தாளி. புனிதர் படத்த எடுத்துக் குடு, எங்க வீட்ல சேத்து வச்சுக் கும்பிட்டுக்கறோம்."

"மெழுகுவர்த்திக்கு ஆம்பள பொம்பள தெரியுமா மச்சான்? தீக்குச்சி கிழிச்சா எரியும். உள்ள வந்து சாப்பிடறதுன்னா வாங்க. படத்த எடுக்கறதுன்னா வந்த வழியே போங்க."

அவர் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அவளே ஏற்றினாள். வீட்டு ஆண் செய்ய வேண்டிய முறைகளையும் பெண் செய்ய வேண்டிய வேலைகளையும் ஒருத்தியே செய்தாள்.

அதற்கும் முன்பு அவள் காலணி ஆலையில் தையல் பிரிவில் இருந்தாள். ஒரு வசந்த காலத்தில் தலைநகரிலிருந்து பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய அமைச்சர் ஒருவர் வந்து, பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, மென்மையான குரலில் அரை மணி நேரம் பேசினார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இலையுதிர் காலத்தில் ஆலையின் கதவில் பூட்டுத் தொங்கியபோதுதான் எதற்குக் கைதட்டினோம் என்று விளங்கியது. அந்த அமைச்சர் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. அவர் கெட்டவரல்ல, படித்தவர் என்று காலினா பின்னாளில் சொன்னாள். இருக்கலாம். நெவெங்கா சில ஆண்டுகள் சந்தையில் காலுறை விற்றாள்.

ஜனாதிபதி பழைய குத்துச்சண்டைக்காரர். மூக்கு வளைந்திருக்கும். தொலைக்காட்சியில் கேள்வி கேட்ட பெண்ணைத் திட்டுவார், மறுநாள் திட்டவில்லை என்பார். முதல் தேர்தலில் நெவெங்கா அவருக்குப் போட்டது மற்றவர்களைப் பிடிக்காததால். அவருடைய ஆட்சியில் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. மூன்றாம் நாள் அவர் வந்தார். முழங்கால் அளவுத் தண்ணீரில், நான்கு கேமராக்களுக்கு முன்னால், நெவெங்காவின் தெருவில் நடந்தார். ரப்பர் பூட்ஸ் புத்தம் புதிது. குதிகாலில் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்ததை மாடி ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். அன்று மாலையே காலினாவைக் கூப்பிட்டு, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அடுத்த தேர்தலில் அவருக்கே போட்டாள்.

"ஸ்டிக்கர்கூடப் பிய்க்காத பூட்ஸும்மா அது!" என்று காலினா தொலைபேசியில் கத்தினாள். அவள் தலைநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள்.

"தெரியும்டி. உனக்குச் சொன்னதே நான்தான்."

"நாடகம்மா, எல்லாம் நாடகம்!"

"நமக்காக நாடகமாவது ஆடினான். மத்தவனுங்க பூட்ஸே வாங்கலையே."

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சற்று நின்று யோசித்தால் அதில் ஒரு கணக்கு இருப்பது தெரியும். அமைச்சரின் உண்மை அவளை வேலையிலிருந்து அனுப்பியது. குத்துச்சண்டைக்காரரின் பொய் அவளுடைய தெருவரை வந்து நனைந்தது. இந்தக் கணக்கு சரியானது என்று சொல்ல முடியாது. பாலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கரை கட்டியிருந்தால் தெரு நனைந்தே இருக்காது. நெவெங்காவுக்கு அதுவும் தெரியும். தெரிந்ததெல்லாம் ஒரு பக்கம், ஓட்டு இன்னொரு பக்கம் என்று வைத்திருந்தாள்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஜனாதிபதி சட்டத்தைத் திருத்திக்கொண்டு மூன்றாம் முறையும் நிற்கப் போவதாக அறிவித்த கோடையில், காலினா ஊருக்கு வந்திருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். என்ன என்று நெவெங்கா எட்டிப் பார்த்தாள். ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறவர்களைப் பற்றிய கேலிச் சித்திரம். தலையில் முக்காடு, வாயில் முன்பல் மூன்று இல்லை, ஒரு கையில் பாதி கடித்த சாண்ட்விச், மறு கையில் ஓட்டுச்சீட்டு. கீழே ஏதோ எழுதியிருந்தது. காலினா கைபேசியைக் கவிழ்த்தாள். கவிழ்ப்பதற்குள் நெவெங்கா படித்துவிட்டாள்.

நெவெங்காவுக்கும் முன்பல் மூன்று இல்லை. அவள் உருளைக்கிழங்கை உரிக்கத் தொடங்கினாள். அந்தக் கோடைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதுவரை கையால் மறைத்துச் சிரித்தவள், அதற்குப் பிறகு வாயைத் திறந்தே சிரித்தாள். மளிகைக் கடையில், காப்பகத்தில், எதிர்க்கட்சிக்காரர்கள் துண்டறிக்கை கொடுக்க வந்தபோது அவர்கள் முகத்துக்கு நேராக.

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை. புனித நிக்கோலாவின் நாள்.

"இந்தத் தடவையும் அவனுக்குப் போட்டேன்னா நான் ஸ்லாவாவுக்கு வர மாட்டேன்," என்றாள் காலினா.

"ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடறது வழக்கமில்ல. வர்றவங்க வருவாங்க."

"வான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"சொன்னா அது ஸ்லாவா இல்லடி, கல்யாணம்."

உண்மைதான். அந்த ஊரில் ஸ்லாவாவுக்கு அழைப்பது முறையல்ல. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் முறையல்ல. நாள் முழுக்க வீட்டுக்காரர் நின்றுகொண்டே பரிமாற வேண்டும். மேசையில் ஒரே ஒரு விருந்தாளி மிச்சம் இருந்தாலும் வாசற்படி தாண்டக் கூடாது. நெவெங்காவுக்கு ஸ்லாவா நடத்தத் தகுதியில்லை என்று இன்னமும் முணுமுணுக்கிறவர்கள் இருந்தார்கள். ஆகவே அவள் இந்த முறைகளை மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே கடைப்பிடித்தாள்.

அன்றைக்கு அவள் திட்டம் எளிமையானது. காலையில் தேவாலயத்தில் பாதிரியார் ரொட்டியை ஆசீர்வதித்து வெட்டித் தருவார். திரும்பும் வழியில் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிடலாம். மதியத்துக்கு முன்னால் யாரும் வரப் போவதில்லை. ஆனால் பள்ளி வாசலில் வரிசை நீளமாக இருந்தது. கையில் துணி சுற்றிய ரொட்டி. ஆசீர்வதித்த ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அரசியல்வாதிகளின் பெயர்களுக்கு நடுவே நிற்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று திரும்பினாள். அந்த ஊர்க்காரி தவிர வேறு யாரும் இப்படி ஒரு தவறு செய்திருக்க மாட்டார்கள்.

வாசற்படியில் காலினா உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ஒயின் புட்டி, விருந்தாளிகள் கொண்டு வருவது போல.

"ஸ்லாவா நல்லபடியா அமையட்டும், வீட்டுக்காரம்மா!"

நெவெங்காவுக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்து, மெழுகுவர்த்தியை ஏற்றி, இனிப்பிட்ட அவித்த கோதுமையை நீட்டினாள். காலினா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, சிலுவைக்குறி இட்டு, மேசையின் தலைமாட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிட்டுட்டு இரு. நான் ஒரு எட்டு ஸ்கூல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"விருந்தாளிய உக்கார வச்சுட்டா?"

"நீ எந்த ஊர் விருந்தாளிடி?"

"பொண்ணு ஸ்லாவாவுக்குச் சொந்தக்காரி இல்ல, விருந்தாளின்னு பெரியப்பாவே சொல்லிட்டாரே. மீன் சூப் இருக்கா? இல்ல, மெதுவாக் கொண்டு வா. எனக்கு அவசரமே இல்ல. ராத்திரி கடைசி பஸ்லதான் போறேன்."

கோட்டின் ஒரு கையை மாட்டியபடி நின்றவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மகள் சமாதானத்துக்கு வரவில்லை. வாக்குப்பதிவு முடியும்வரை நாற்காலியை விட்டு எழப் போவதில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவள் பெற்ற பிள்ளைதானே, வேறு எப்படி இருக்கும் என்று மனதின் ஒரு மூலையில் பெருமையாகக்கூட இருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

நோன்புக் காலமானதால் இறைச்சி இல்லை. மீன் சூப், வெங்காயத்தோடு அடுப்பில் வெந்த பீன்ஸ், பொரித்த கெண்டை, வால்நட் கேக். பக்கத்து வீட்டு ஸ்தானா வந்தாள், அவள் கணவன் வந்தான், காப்பகத்துப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் போகும்போது வாசலில் நின்று, "ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். காலினா ஒவ்வொரு முறையும் பீன்ஸ் இன்னொரு கரண்டி கேட்டாள்.

"ஏண்டி, இவ்வளவு பீன்ஸ் தின்னா நாளைக்கு மருந்துக்கடைல எவனும் உன் பக்கத்துல நிக்க மாட்டான்," என்றாள் ஸ்தானா.

"நாட்டுக்காகத் திங்கறேன் அத்தை."

"நாடு தாங்குமோ தாங்காதோ, நாற்காலி தாங்காது!"

மூன்று மணிக்குத் தீஹோமிர் காரோடு வந்தான். ஜனாதிபதி கட்சியின் ஊர்க் கிளைச் செயலாளர். நெவெங்காவின் தெருவிலேயே வளர்ந்தவன்.

"அக்கா, கிளம்புங்க. உங்க பேருக்கு நேரா இன்னும் காலியா இருக்கு. காலைலயே வருவீங்கன்னு பாத்தேன்."

"வாசல்ல நின்னா பேசுவாங்க? உள்ள வா. கோதுமை எடு."

"நேரமில்லக்கா…"

"புனித நிக்கோலாவுக்கு நேரமில்லையா, உங்க ஜனாதிபதிக்கு நேரமில்லையா? உக்காரு."

அவன் உட்கார்ந்தான். பிளம் சாராயம் வந்தது, சூப் வந்தது, கெண்டை வந்தது. எதிரே காலினா அவனுக்கு ரொட்டியை நகர்த்தி வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணா. சாண்ட்விச் இல்ல, மன்னிச்சுக்குங்க."

"உனக்கென்னம்மா, தலைநகர்ல எதிர்ப்பு ஊர்வலத்துல விசில் ஊதுவே. இங்க ரோடு போட்டது யாரு?"

"ரோடு போட்டாரு, சரி. அந்த ரோட்டுல ஊரே கிளம்பிப் போயிட்டே இருக்கே, அதுக்கு யாரு பொறுப்பு? நானும் அதுலதான் போனேன்."

தீஹோமிர் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மகனும் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு ஆஸ்திரியாவில் இருந்தான். சாப்பிட்டு முடித்ததும் நெவெங்காவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, போறப்ப கைபேசிய எடுத்துட்டுப் போங்க. சீட்ட மடிக்கறதுக்கு முன்னால ஒரு படம். எல்லாரும் அனுப்பறாங்க. உங்க மேல சந்தேகம்னு இல்ல…"

"என்னது?"

"ஒரே ஒரு படம். ஜனவரில காப்பகத்து ஒப்பந்தம் வேற புதுப்பிக்கணும் பாருங்க."

நெவெங்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"டேய் தீஹோ. நான் ரெண்டு தடவை போட்டேன், எவனும் சொல்லிப் போடல. திரைக்குள்ள நான் என்ன செய்யறேன்னு விதோயேகூட எட்டிப் பாத்ததில்ல. நீ பாக்கணுமா? கஞ்சி கிண்ட வேற ஆள் கெடைச்சா வச்சுக்கோ. உன் பேரப்பிள்ளை அவ கையால திங்குதான்னு பாக்கறேன். கேக்க எடுத்துக்கிட்டு எந்திரி."

அவன் கேக்கை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

காலினா கைதட்டினாள். "இப்ப புரிஞ்சுதா அவங்க யாருன்னு?"

"நீ வாய மூடு. அவன் படம் எடுக்கச் சொல்றான், நீ கட்டிப்போட்டு உக்காந்திருக்க. ரெண்டு பேருக்கும் என் ஓட்டு மேல நம்பிக்கை இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

இருட்டியது. விருந்தாளிகள் போய்விட்டார்கள். மேசையில் காலினா மட்டும். நெவெங்கா அடுப்பருகே நின்றாள். காலையிலிருந்து உட்காராததால் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சமையலறை ஜன்னல் வழியே, தெருவின் மேல் கோடியில், பள்ளிக்கூடத்து விளக்குகள் தெரிந்தன.

"அவன் திருடன்மா," என்றாள் காலினா. இப்போது குரலில் கேலி இல்லை. களைப்பு இருந்தது.

"திருடன்தான்."

"பொய்யன்."

"பொய்யன்தான்."

"அப்புறம் ஏம்மா?"

நெவெங்கா பாத்திரத்தைத் துடைத்து வைத்தாள்.

"உங்க ஆளுங்க யோக்கியமானவங்கன்னே வச்சுக்கோ. ஆனா எங்களப் பாத்தா அவங்களுக்குச் சிரிப்பு வருது. இவன் திருடன், ஆனா எங்களப் பாத்துச் சிரிக்காத திருடன். ஒருவேளை வீட்ல போய்ச் சிரிக்கறானோ என்னமோ. எங்க முன்னால சிரிச்சதில்ல. இவனுக்குப் போடற ஒவ்வொரு தடவையும் தலைநகர்ல அந்தப் படம் வரைஞ்சவன் காப்பிக் கோப்பையத் தூக்கி அடிப்பான்ல? எனக்கு அவன அறைய வேற கை ஏது?"

"அந்தப் படத்துல இருக்கறது நீ இல்லம்மா."

"பல்லு என்னுதுதான்."

காலினா மெழுகுவர்த்தியிலிருந்து வழிந்து உறைந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினாளோ, அது இருவருக்கும் நடுவே பொருந்தாது என்று விட்டுவிட்டாளோ தெரியாது.

"நான் சிரிச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எழுந்தாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தாயின் கோட்டை எடுத்து நீட்டினாள்.

"ஸ்கூல் எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். இன்னும் அரை மணி நேரம் இருக்கு. போய் யாருக்கு வேணும்னாலும் போட்டுக்கோ. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

"சாப்பாடு கட்டித் தர்றேன், இரு."

"வேணாம்மா. உனக்கு நேரமாயிடும்."

"என் நேரத்த நான் பாத்துக்கறேன்."

கெண்டைத் துண்டுகளையும் கேக்கையும் காகிதத்தில் சுற்றி, ரொட்டியில் ஒரு துண்டைத் தனியாகத் துணியில் முடிந்து, பையில் போட்டாள். மெழுகுவர்த்தியை ஒயினில் தோய்த்து அணைத்தாள். கோட்டை மாட்டி முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். இருவரும் வெளியே வந்தார்கள். பனி பெய்து உறைந்திருந்தது. படலைக்கு வெளியே தெரு இரண்டு பக்கமும் சரிந்து போகிறது. மேலே பள்ளிக்கூடம். கீழே ஆற்றுப்பாலம், அதன் தலைப்பில் பேருந்து நிறுத்தம். மேட்டில் தீஹோமிரின் கார் விளக்கை எரியவிட்டு நின்றிருந்தது.

அந்தத் தேர்தலில் ஜனாதிபதி மூன்றாம் முறையாக வென்றார், தாராளமான வித்தியாசத்தில். மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், "இந்த ஊர்க்காரர்களுக்கு மூளையே கிடையாது" என்றபோது நெவெங்கா அவரைத் திட்டிய திட்டில் அவர் ரொட்டி வாங்காமலே போய்விட்டார். ஜனாதிபதியை யாரும் குறைசொல்ல அவள் அன்றும் விடவில்லை, பின்னும் விடவில்லை. ஜனவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தீஹோமிரின் பேரன் அவள் கஞ்சியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று காப்பகத்தில் பேசிக்கொண்டார்கள். தீஹோமிர் ஒருமுறை கேட்டான்: "அக்கா, அன்னைக்கு ஏன் வரல?" அவள் கரண்டியைக் காட்டினாள். ஸ்தானா கேட்டாள். அவளுக்கும் கரண்டிதான். காலினா கேட்கவே இல்லை.

அந்தத் தேர்தல் இரவில், படலையைச் சாத்திவிட்டு, கையில் பையோடு நின்றவளிடம் காலினா, "குடும்மா, நான் எடுத்துக்கறேன்," என்று கை நீட்டினாள். நெவெங்கா பையைக் கொடுக்கவில்லை. மேட்டில் தீஹோமிர் காரின் கதவைத் திறந்து, கையசைத்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அவன் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, உறைபனியில் வழுக்காமல் ஒவ்வொரு அடியாக வைத்து, ஆற்றுப் பக்கம் இறங்கினாள். பேருந்து அன்று தாமதம். அது வந்து காலினாவை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கும்வரை, எட்டு அடித்துப் பள்ளிக்கூடத்து விளக்குகள் அணைந்த பிறகும், அவள் நிறுத்தத்திலேயே நின்றாள்.